காணாமல் போன மாணவி பற்றிக் குழுவில் ஆளாளுக்குத் துப்பறிகிறார்கள். கேள்வி கேட்பதே தவறா?

பொங்கோல் வாசி:

எல்லோருக்கும் வணக்கம். 2025 மார்ச்சில் டொமினிக்கன் குடியரசில் காணாமல் போன கல்லூரி மாணவியின் செய்தி பலருக்கு நினைவிருக்கும். அமெரிக்காவில் வாழும் இந்தியக் குடும்பத்துப் பெண், 20 வயது, பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் படித்தவர். விடுமுறைக்குத் தோழிகளோடு புண்டா கானா போனார். மார்ச் 6 அதிகாலை எல்லோரும் கடற்கரைக்கு நடந்து போவது ஓட்டல் கேமராவில் பதிவாகியிருக்கிறது. மற்றவர்கள் திரும்பி வந்தார்கள், அவர் வரவில்லை. அவரோடு கடைசியாகக் கடலில் இருந்த இளைஞரை அங்குள்ள போலீஸ் பல முறை விசாரித்தது, பாஸ்போர்ட்டையும் வாங்கி வைத்துக்கொண்டது. பெரிய அலை வந்து இருவரையும் இழுத்தது, தான் அவரைக் கரைப் பக்கம் கொண்டுவர முயன்றேன் என்று அவர் சொன்னார். மார்ச் 18 அன்று நீதிபதி அவரைப் போக அனுமதித்தார், அவரும் ஊருக்குத் திரும்பினார். குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அதே நாட்களில் பெண்ணின் பெற்றோர், மகள் கடலில் மூழ்கிவிட்டதாகவே நம்புகிறோம், இறந்ததாக அறிவியுங்கள் என்று அந்நாட்டு அதிகாரிகளுக்குக் கடிதம் எழுதினார்கள். உடல் கிடைக்கவில்லை.

இங்கே சிங்கப்பூரில் எங்கள் வாட்ஸ்அப் குழுவில் இந்தப் பேச்சு இன்னும் ஓயவில்லை. உறவினர்களும் பழைய பள்ளித் தோழர்களும் கலந்த குழு அது. யாராவது ஒரு யூடியூப் வீடியோவைப் போடுவார்கள், உடனே ஆரம்பித்துவிடும். "அந்தப் பையன் முழியைப் பார்த்தாலே தெரிகிறது", "தோழிகள் ஏன் விட்டுவிட்டு வந்தார்கள்", "ஓட்டல்காரன் காசு கொடுத்து மூடிவிட்டான்". அந்த இளைஞரின் படத்தில் சிவப்பு வட்டம் போட்டு ஒருவர் பகிர்ந்தது இன்னமும் அங்கே கிடக்கிறது. நான் நிறுத்தச் சொன்னால் எங்கள் மாமா, "கேள்வி கேட்காமல் இருந்தால் எல்லாவற்றையும் மூடிவிடுவார்கள், அந்தப் பெண்ணின் அப்பாவே கடத்தலாக இருக்குமா என்றும் பாருங்கள் என்று கேட்டாரே" என்கிறார். அது உண்மைதான், முதல் சில நாட்களில் அப்பா அப்படிக் கேட்டார்.

என் மகள் அடுத்த ஆண்டு வெளிநாட்டுக்குப் படிக்கப் போகிறாள், அவளும் அந்தக் குழுவில் இருக்கிறாள். தோழிகளைப் பற்றி எழுதியதைப் படித்துவிட்டு, "எனக்கு ஏதாவது ஆனால் என்கூட இருப்பவர்களையும் இப்படித்தான் பேசுவீர்களா அப்பா?" என்று கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை. பொதுமக்கள் பேசுவதால் விசாரணைக்கு உண்மையில் ஏதாவது நன்மை உண்டா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

ஜூரோங் நூலகப் பக்கம்:

அண்ணே, இதற்கு 2013-லேயே ஒரு பதில் கிடைத்துவிட்டது, மிகக் கொடுமையான பதில். அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தில் படித்த 22 வயது மாணவர், அவரும் இந்திய வம்சாவளிதான், அந்த ஆண்டு மார்ச் நடுவில் காணாமல் போனார். மன அழுத்தம் இருந்தது, படிப்பிலிருந்து விடுப்பு எடுத்திருந்தார். குடும்பம் முகநூலில் பக்கம் திறந்து, வீடியோ போட்டு, தெருத்தெருவாகத் தேடிக்கொண்டிருந்தது. ஏப்ரல் 15 அன்று பாஸ்டன் மாரத்தானில் குண்டு வெடித்தது. ஏப்ரல் 18 மாலை எஃப்பிஐ இரண்டு சந்தேக நபர்களின் படங்களை வெளியிட்டது. அன்று இரவே ரெடிட் என்ற இணைய விவாதத் தளத்திலும் ட்விட்டரிலும், அந்த இரண்டாவது ஆள் காணாமல் போன இந்த மாணவர்தான் என்று கிளப்பிவிட்டார்கள். மூக்கு ஒத்துப்போகிறது, தாடை ஒத்துப்போகிறது, ஒரு மாதமாக ஆளையே காணோம், இவ்வளவுதான் ஆதாரம். போலீஸ் வானொலியிலேயே அவர் பெயரைச் சொன்னார்கள் என்று ஒருவர் எழுத, அதைப் பத்திரிகைக்காரர்கள் சிலரும் பகிர்ந்தார்கள். அப்படி எதுவும் சொல்லப்படவே இல்லை.

விடிவதற்குள் குடும்பத்துக்குத் தொலைபேசி மேல் தொலைபேசி. மகனைத் தேடத் திறந்த முகநூல் பக்கத்தில் கொட்டிய வசையைத் தாங்க முடியாமல் அதை மூடவேண்டி வந்தது. யோசித்துப் பாருங்கள், பையனைப் பார்த்த யாராவது தகவல் சொல்ல வேண்டும் என்றால் அவர்களுக்கு இருந்த வழியே அந்தப் பக்கம்தான். விடிந்தபோது உண்மையான சந்தேக நபர்கள் வேறு இருவர் என்று தெரிந்தது. ரெடிட் நிர்வாகம் ஏப்ரல் 22 அன்று வெளிப்படையாக மன்னிப்புக் கேட்டது. மறுநாள் 23-ஆம் தேதி அந்த மாணவரின் உடல் பிராவிடன்ஸ் நகரில் ஆற்றில் கிடைத்தது. குண்டு வெடித்த நாளில் அவர் உயிரோடேயே இல்லை.

உங்கள் மாமா சொல்கிற "கேள்வி கேட்பது" எனக்கும் புரிகிறது. ஆனால் அன்றைக்கு ரெடிட்டில் எழுதியவர்களும் கேள்விதான் கேட்டார்கள். "இது அவராக இருக்குமோ?" என்றுதான் தொடங்கியது. கேள்விக்குறியை யாரும் முன்னே அனுப்புவதில்லை, பெயரும் படமும்தான் போகும்.

பழைய சிராங்கூன்:

நான் உங்கள் எல்லோருக்கும் மூத்தவன், ஃபேரர் பார்க் பக்கம் வளர்ந்தவன். இணையம் வந்த பிறகுதான் இந்த வியாதி என்று நினைக்க வேண்டாம். 1986 மே 14 அன்று ஓவன் தொடக்கப்பள்ளிக்குப் போன இரண்டு பையன்கள், இருவருக்கும் 12 வயது, காணாமல் போனார்கள். மெக்டோனால்ட்ஸ் உணவகம் 100,000 சிங்கப்பூர் வெள்ளி சன்மானம் அறிவித்தது, அதனால் இன்றைக்கும் "மெக்டோனால்ட்ஸ் பையன்கள்" என்றே பேசுகிறார்கள். இதுவரை கிடைக்கவில்லை.

அந்தக் காலத்தில் காப்பிக்கடையில் கேட்காத கதை இல்லை. வெளிநாட்டுக்குக் கடத்திக் கை காலை ஒடித்துப் பிச்சை எடுக்க விட்டிருக்கிறார்கள் என்றார்கள், அங்கே பார்த்தேன் இங்கே பார்த்தேன் என்றார்கள், எங்கள் பாட்டி போன்றவர்கள் பாலம் கட்டத் தலை எடுக்கிறார்கள் என்ற பழைய பயத்தைத் திரும்பக் கிளப்பினார்கள். பிள்ளைகளை மாலைக்கு மேல் கீழே விடவே இல்லை. அந்த வயதில் எனக்கு அது ஒரு பயங்கரக் கதை, அவ்வளவுதான். பின்னால் நானும் ஒரு பிள்ளைக்கு அப்பா ஆன பிறகுதான், பிச்சைக்காரர் கதையை அந்தத் தாய்மார்கள் காதில் விழும்படி எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள் என்று நினைத்து நெஞ்சு பதறியது. நமக்கு அது ஊகம். அவர்களுக்கு அது ராத்திரி கண்ணை மூடினால் தெரிகிற காட்சி. பிள்ளை எங்கே என்றே தெரியாதவர்களுக்குப் பக்கத்து வீட்டுக்காரரின் கற்பனை எதற்கு?

தெலுக் பிளாங்கா தமிழன்:

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன், கோபப்படாதீர்கள். பொங்கோல் அண்ணனின் மாமா பக்கம் நியாயம் இருக்கிறது. 2021-ல் அமெரிக்காவில் வேனில் சுற்றுப்பயணம் போன 22 வயதுப் பெண் காணாமல் போனபோது இணையம் முழுக்க அதே பேச்சு. அந்தப் பகுதியில் பயணம் செய்த யூடியூப் குடும்பம் ஒன்று, தாங்கள் எடுத்த வீடியோவில் அந்த வேன் நிற்பதைக் கண்டுபிடித்தது. வயோமிங்கில் கிராண்ட் டீட்டன் பக்கம் தேடியவர்களுக்கு அது பெரிய உதவி. செப்டம்பர் 19 அன்று உடல் கிடைத்தது. யாரும் பேசாமல் இருந்திருந்தால் அந்தக் குடும்பம் தன் வீடியோவைத் திரும்பிப் பார்த்திருக்குமா?

இன்னொன்று. எல்லோரும் பேசும் அளவுக்கு ஒரு வழக்கு வளர்வதே பெரிய விஷயம். நான் கட்டுமானத்தில் மேற்பார்வை வேலை பார்க்கிறவன். வெளிநாட்டுத் தொழிலாளர் தங்கும் விடுதியிலிருந்து ஊர்த் தம்பி ஒருவன் காணாமல் போனால் எந்த நாட்டில் யார் வீடியோ போடுகிறார்கள்? படித்த பெண், நல்ல படம், வெளிநாட்டுக் கடற்கரை என்றால்தான் உலகம் திரும்பிப் பார்க்கிறது. அப்படித் திரும்பிய கண்ணையும் மூடிக்கொள்ளச் சொல்கிறீர்களா?

ஜூரோங் நூலகப் பக்கம்:

அண்ணே, விடுதித் தம்பிகளைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு உண்மை, அதற்குத் தனித் திரியே தொடங்கலாம். ஆனால் அந்த வேன் குடும்பம் என்ன செய்தது என்று பாருங்கள். தாங்கள் போன பாதை, தாங்கள் எடுத்த வீடியோ, அதில் தெரிந்த வண்டி. எஃப்பிஐயிடம் சொன்னார்கள். யார் கொன்றிருப்பார் என்று அவர்கள் சொல்லவில்லை. புண்டா கானா விஷயத்தில் நம் குழுக்காரர்களில் யார் அந்தக் கடற்கரையில் நின்றார்கள்?

ஈசூன் அக்கா:

வழக்கமாக நான் எழுதுவதில்லை, படித்துவிட்டுப் போய்விடுவேன். இதற்கு எழுதாமல் இருக்க முடியவில்லை.

என் தம்பி பாலிடெக்னிக் இரண்டாம் ஆண்டில் இருந்தபோது ஒரு நாள் வீட்டைவிட்டுப் போனான், பையில் ஒரு சட்டை, போன், அவ்வளவுதான். அம்மா போலீஸில் புகார் கொடுத்தார். நான் உதவி கேட்டுக் குடும்பக் குழுவில் அவன் படத்தையும் போட்டிருந்த சட்டையின் நிறத்தையும் போட்டேன். முதல் ஒரு மணி நேரம் நல்லபடியாகத்தான் இருந்தது. அப்புறம் தொடங்கியது. ஒரு பெண் விவகாரமாக இருக்கும் என்றார் ஒருவர். சட்டவிரோதமாகக் கடன் கொடுக்கும் ஆலோங்கிடம் கடன் வாங்கியிருப்பான் என்றார் இன்னொருவர். போதைப்பொருளா என்று பள்ளியில் விசாரியுங்கள் என்று ஒரு சித்தி நீளமான வாய்ஸ் மெசேஜ் அனுப்பினார். உறவினர் ஒருவர் அவனுடைய நெருங்கிய நண்பனின் வீட்டுக்கே போன் செய்து, "உன் பையன்தான் எங்கேயோ ஒளித்து வைத்திருக்கிறான்" என்று கத்திவிட்டார். அந்தப் பையனின் அம்மா எங்கள் அம்மாவிடம் வந்து அழுதார். எங்கள் அம்மா யாருக்குத்தான் ஆறுதல் சொல்வார்?

உண்மையில் நடந்தது இதுதான். தேர்வில் சில பாடங்களில் தவறியிருந்தான், சொல்லப் பயம். சில நாட்கள் அங்கும் இங்கும் படுத்திருக்கிறான். ஓர் இரவு வைஃபை கிடைத்த இடத்தில் போனைத் திறந்து குழுவைப் படித்திருக்கிறான். திரும்பி வரத்தான் திறந்தேன் அக்கா, படித்த பிறகு வர முடியவில்லை என்றான். தேர்வில் தவறியவன் என்ற முகத்தோடு வீட்டுக்கு வருவதற்கே தைரியம் இல்லாதவன், போதைக்காரன் என்ற முகத்தோடு எப்படி வருவான்? கடைசியில் தன் பழைய உயர்நிலைப்பள்ளி ஆசிரியர் ஒருவரை அழைத்தான், அவர்தான் போலீஸுக்கும் எங்களுக்கும் தெரிவித்தார். குழுவில் இருந்த எல்லோரும் அவன்மேல் பாசம் வைத்தவர்கள்தான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் அந்த இரவுக்கும் அவன் வீட்டுக்கு வந்ததற்கும் நடுவில் போன நாட்களில் அவனுக்கு ஏதாவது ஆகியிருந்தால்?

உதவியவர்கள் பேசவே இல்லை. பக்கத்து வீட்டு மலாய் மாமி சோறு கொண்டுவந்து வைத்துவிட்டுப் போவார். அத்தை மகன் உட்கார்ந்து தம்பியின் பஸ், ரயில் பயணத்துக்கான ஈஸிலிங்க் கார்டு எண், வங்கிக் கார்டு, போன் மாடல், வழக்கமாகப் போகும் இடங்கள் எல்லாம் எழுதி விசாரணை அதிகாரியிடம் கொடுத்தான். திட்டு வாங்கிய அந்த நண்பன், பாவம், தேர்வு முடிவு வந்த நாளில் தம்பி எப்படி இருந்தான் என்பதைப் போலீஸிடம் மட்டும் சொன்னான். அதைக் கேட்ட பிறகுதான் அவர்கள் ஆசிரியர்கள் பக்கம் விசாரிக்கவே தொடங்கினார்கள்.

அதனால்தான் சொல்கிறேன், "சம்பந்தப்பட்டவர்கள் நாம் எழுதுவதைப் படிக்கவா போகிறார்கள்" என்று நினைக்காதீர்கள். காணாமல் போனவரே படிக்கலாம்.

புக்கிட் பாத்தோக் குமாஸ்தா:

அக்கா எழுதியதற்குப் பின் சட்டம் பேசுவது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனாலும் பொங்கோல் அண்ணன் குழுவில் காட்ட ஏதாவது வேண்டுமே. நான் சட்ட அலுவலகத்தில் வேலை பார்ப்பவன், வழக்கறிஞர் அல்ல.

இங்கே துன்புறுத்தலிலிருந்து பாதுகாக்கும் சட்டம் 2014-லிருந்து இருக்கிறது. அதில் சேர்த்த திருத்தம் 2020 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. ஒருவரைத் துன்புறுத்தும் அல்லது மனவேதனைப்படுத்தும் நோக்கத்தோடு அவருடைய படம், முகவரி, வேலையிடம் போன்ற அடையாள விவரங்களை வெளியிட்டால் 5,000 வெள்ளி வரை அபராதம், 6 மாதம் வரை சிறை, அல்லது இரண்டுமே. 2021 ஜூனிலிருந்து இதற்கென்று தனி நீதிமன்றமும் உண்டு. நோக்கம் இருந்ததா என்று நீதிமன்றம்தான் பார்க்கும், ஆனால் "நான் பகிர்ந்தேன், எழுதியது வேறொருவர்" என்பது பெரிய கவசம் ஒன்றும் இல்லை. போலீஸிடம் தகவல் கொடுப்பதை இந்தச் சட்டம் தடுப்பதில்லை, அதையும் சேர்த்தே சொல்லுங்கள்.

நம் ஊரிலேயே நடந்ததை நினைத்துப் பாருங்கள். 2020 மே மாதம், கொரோனா கட்டுப்பாட்டு நேரத்தில், ஷுன்ஃபு மார்ட்டில் முகக்கவசம் போடாமல் வாதாடிய பெண்ணின் வீடியோ பரவியது. அது யார் என்று கண்டுபிடித்துவிட்டோம் என்று சொல்லி, சம்பந்தமே இல்லாத ஒரு நிறுவனத் தலைமை அதிகாரியின் படத்தையும் வேலையிடத்தையும் போட்டுத் திட்டித் தீர்த்தார்கள். அவரும் இந்தியப் பெண் என்பதுதான் ஒற்றுமை. அந்த முதல் நாள் என் சொந்தக்காரர்களே அந்தப் படத்தை எனக்கு அனுப்பினார்கள். தவறான ஆள் என்று வந்த மறுப்பை யாரும் அனுப்பவில்லை.

அமெரிக்காவில் ஐடஹோ பல்கலைக்கழக மாணவர்கள் நால்வர் 2022 நவம்பரில் கொல்லப்பட்ட வழக்கிலும் இதேதான். டிக்டாக்கில் சீட்டுப் பார்த்துக் குறி சொல்லும் ஒருவர், அங்குள்ள வரலாற்றுப் பேராசிரியர் ஒருவர்தான் கொலை செய்யச் சொன்னார் என்று வீடியோ மேல் வீடியோ போட்டார். அவருக்குத் தொடர்பு இருப்பதாகத் தாங்கள் கருதவில்லை என்று போலீஸ் சொன்ன பிறகும் நிறுத்தவில்லை. பேராசிரியர் வழக்குப் போட்டார், அவை அவதூறுதான் என்று 2024-ல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. கொலைக்குக் கைதானவர் வேறு ஆள், 2025 ஜூலையில் குற்றத்தை ஒப்புக்கொண்டு நான்கு ஆயுள் தண்டனை பெற்றார்.

பொங்கோல் வாசி:

எல்லோருக்கும் நன்றி. ஈசூன் அக்கா எழுதியதை வீட்டில் மனைவிக்கும் மகளுக்கும் படித்துக் காட்டினேன்.

இரண்டு விஷயம் இன்னும் கேட்க வேண்டும். புண்டா கானா வழக்கில் அந்த இளைஞரைப் போலீஸ் "சந்தேக நபர்" என்று ஒரு முறைகூடச் சொல்லவில்லையே, அதைத்தான் மாமா பிடித்துக்கொண்டு "பயந்துவிட்டார்கள்" என்கிறார். அப்புறம், 24 மணி நேரம் ஆனால்தான் காணாமல் போனதாகப் புகார் எடுப்பார்கள் என்று குழுவில் எல்லோரும் நம்புகிறார்கள், அது சரியா?

புக்கிட் பாத்தோக் குமாஸ்தா:

இரண்டாவதை முதலில் சொல்லிவிடுகிறேன். இங்கே அப்படிக் காத்திருக்கும் விதி கிடையாது. சந்தேகம் வந்தவுடன் எந்த அக்கம்பக்கக் காவல் நிலையத்திலும் புகார் கொடுக்கலாம். காத்திருந்தால்தான் கெடுதல், ஏனென்றால் கடைகளின் கேமரா பதிவுகள் எல்லாம் நெடுநாள் இருப்பதில்லை, பழையதன் மேல் புதியது ஏறிவிடும். யாரையாவது பார்த்ததாக நினைத்தால் 1800-255-0000 என்ற எண், அல்லது போலீஸ் இணையத்தளத்தில் ஐ-விட்னஸ் படிவம். எந்த இடம், எத்தனை மணி, என்ன உடை, எந்தப் பக்கம் போனார், இவ்வளவு போதும். மகள் வெளிநாடு போகுமுன் வெளியுறவு அமைச்சின் இணையப் பதிவில் பயணத்தைப் பதியச் சொல்லுங்கள், அங்கே நாள் முழுக்க ஆள் இருக்கும் அவசர எண்ணும் உண்டு, அதைப் போனில் போட்டு வைக்கட்டும்.

முதல் கேள்விக்கு: அந்தப் பெண்ணின் வீடு இருக்கும் அமெரிக்காவின் லௌடன் கவுண்டி என்ற வட்டாரத்தின் போலீஸான ஷெரிஃப் அலுவலகமே காரணம் சொன்னதே. இது காணாமல் போனவர் பற்றிய விசாரணை, குற்ற விசாரணை இல்லை, அதனால் சந்தேக நபர் என்று யாரும் இல்லை. கடைசியாகப் பார்த்தவரிடம் திரும்பத் திரும்பக் கேட்பது எந்த ஊர் போலீஸும் செய்வதுதான். கேட்கிறார்கள் என்பதால் குற்றவாளி ஆகிவிடுவதில்லை, பெயர் வைக்கவில்லை என்பதால் போலீஸ் பயந்துவிட்டது என்றும் ஆகிவிடாது. மாமா சொன்ன அப்பா விஷயம் வேறு. அவர் எல்லா வழியையும் பாருங்கள் என்று அதிகாரிகளிடம் கேட்டார், பார்த்தார்கள், ட்ரோன், ஹெலிகாப்டர், முக்குளிப்பவர்கள் எல்லாம் இறங்கினார்கள். பிறகு அவரும் மனைவியும் தாங்களே ஒரு முடிவுக்கு வந்தார்கள். பெற்றவர்கள் எவ்வளவு வேதனையோடு அங்கே வந்து சேர்ந்திருப்பார்கள்! அதற்கு அப்புறமும் கடத்தல் வீடியோ போடுவது யாருக்காக?

தெலுக் பிளாங்கா தமிழன்:

ஈசூன் அக்கா, உங்கள் தம்பி இப்போது நன்றாக இருக்கிறாரா? நான் முன்னே சொன்னதில் ஒரு பாதியை இன்னும் விடமாட்டேன், காணாமல் போனவர்களைப் பற்றிப் பேசத்தான் வேண்டும், போலீஸ் என்ன செய்கிறது என்று கேட்கத்தான் வேண்டும். ஆனால் ஒருவர் முகத்தில் வட்டம் போடுவது அந்தக் கேள்வியில் சேர்த்தி இல்லை, அதை ஒத்துக்கொள்கிறேன். பொங்கோல் அண்ணே, குழு நிர்வாகி யாரோ அவரிடம் சொல்லி அந்தப் படத்தை முதலில் எடுக்கச் சொல்லுங்கள். மாமா கோபித்துக்கொண்டால் இந்தத் திரியை அனுப்புங்கள், நான் அவர் கட்சிதான் என்று சொல்லி என்னிடம் பேசச் சொல்லுங்கள்.

ஈசூன் அக்கா:

நன்றாக இருக்கிறான் தம்பி, படிப்பை முடித்து, தேசிய சேவையும் முடித்து வேலைக்குப் போகிறான். குடும்பக் குழுவில் மட்டும் இன்றுவரை திரும்பச் சேரவில்லை, நாங்களும் கட்டாயப்படுத்தவில்லை. இதைப் படிப்பவர்களில் யாராவது அவன் அன்று இருந்த நிலையில் இருந்தால் 1767 எண்ணுக்கு அழையுங்கள், மனம் உடைந்தவர்களுக்கு உதவும் எஸ்ஓஎஸ் அமைப்பினர் எந்த நேரமும் எடுப்பார்கள், வீட்டில் சொல்லிவிடுவார்களோ என்ற பயம் வேண்டாம்.

பொங்கோல் வாசி:

குழு நிர்வாகி என் மைத்துனர்தான், பேசிவிட்டேன். படத்தை எடுத்துவிட்டார். மாமா இன்னும் பதில் போடவில்லை, ஞாயிற்றுக்கிழமை நேரில் போய்ப் பார்க்கிறேன்.